சாத்துக்குடித் தோலும் ஒரு பயோகேஸ் கலனும்: செயலாளரின் ஆண்டறிக்கை

குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, நாய்த் தொல்லை எல்லாம் மாதக் கூட்டங்களிலேயே பேசித் தீர்த்தாயிற்று (நாய் தீரவில்லை, சரி). அதனால் இந்த அறிக்கை பெரும்பாலும் நம் மக்கும் குப்பையைப் பற்றித்தான்.

போன பொதுக்குழுவில் முடிவு செய்தபடி பூங்கா மூலையில், சமையல் கழிவிலிருந்து அடுப்பெரிக்க வாயு தரும் பயோகேஸ் கலன் வைத்தோம். சாணத்தைக் கரைத்து ஊற்றிச் சில வாரம் காத்திருந்து, காவலாளி அண்ணன் அதில் முதல் டீ போட்டபோது ஒரு கூட்டமே நின்று வேடிக்கை பார்த்தது. அப்புறம் ஆடி வந்தது. கூழும் அன்னதானத்தில் மிஞ்சிய சோறும் அண்டா அண்டாவாக ஒரே நாளில் உள்ளே போக, கூடவே முனை ஜூஸ் கடையிலிருந்து ஒரு மூட்டை சாத்துக்குடித் தோலையும் யாரோ நல்லெண்ணத்தில் கொட்டிவிட்டார்கள். நாலாம் நாள் அடுப்பு எரியவில்லை, தெரு முழுக்கப் புளித்த வாடை. "எதை வேணா போடலாம் சார்" என்று கலனை விற்றவர் போனையே எடுக்கவில்லை.

நாங்களாகவே விசாரித்துத் தெரிந்துகொண்டது இது. கலனுக்குள் ஒரு வகை நுண்ணுயிர் சோற்றை அமிலமாக்குகிறது, இன்னொரு வகை அதிலிருந்து அடுப்பில் எரியும் மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. முதல் கூட்டம் வேகம், இரண்டாவது நிதானம். அளவுக்கு மீறிப் போட்டால் அமிலம் தேங்கி இரண்டாவது கூட்டம் படுத்துவிடும். சாத்துக்குடி, எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன் என்ற வாசனை எண்ணெயும் அந்த இரண்டாவது கூட்டத்துக்கு ஆகாது. தீனியை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்புத் தண்ணீரும் புதுச் சாணமும் ஊற்றித்தான் தேற்றினோம். இப்போது தினமும் இரண்டு வாளிதான், அரைத்துத்தான். எலும்பு கூடாது.

அந்தத் தோலை என்ன செய்வது என்று யோசித்தபோதுதான் பயோ என்சைம் வந்தது, அதாவது தோலைப் புளிக்கவைத்துச் செய்யும் துப்புரவு நீர். தாய்லாந்தின் ரோசுகோன் பூம்பன்வோங் பரப்பிய முறை: வெல்லம் 1 பங்கு, தோல் 3, தண்ணீர் 10, மூன்று மாதம். உடைந்த வெல்லமே போதும். முதல் மாதம் வாயு நிறைய வரும் என்பதால் பிளாஸ்டிக் கேன்தான் வைக்க வேண்டும், மூடியைத் தினம் ஒருமுறை தளர்த்திவிட வேண்டும். இதை எல்லாருக்கும் சொன்ன நானே மூடியை இறுக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன், திரும்பி வந்தபோது சமையலறைக் கூரை வரை சாத்துக்குடி.

வடிகட்டிய நீரைத் தண்ணீரில் கலந்து தரை துடைக்கலாம், பாத்திரத் தொட்டி கழுவலாம். மார்பிள் தரையில் வேண்டாம், அமிலம் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடருடன் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். சர்க்கரை நோய்க்குக் குடிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள். குடிக்காதீர்கள்.

பயோகேஸ் கலனிலிருந்து உரமாக வெளியே வரும் கரைசலுக்கு மாடித்தோட்டக்காரர்களிடையே சண்டையே வந்துவிட்டது, இனி கிழமை வாரியாகக் கிழக்கு வரிசை, மேற்கு வரிசை. பால் கவர் மட்டும் இன்னும் மக்கும் குப்பையில்தான் வருகிறது. திடக்கழிவு விதிகளே வீட்டில் பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன, அந்தக் கவரைக் கையை விட்டுப் பொறுக்குவது தூய்மைப் பணியாளர் அக்காதான் என்பதாவது நினைவிருக்கட்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அடுத்த முறை பயோ என்சைம் போடக் காலி எண்ணெய் கேன் இருப்பவர்கள் ஞாயிறு காலை பூங்காவுக்குக் கொண்டுவாருங்கள், கழுவிக் கொண்டுவாருங்கள்.

செயலாளர்