ஆண்டறிக்கை: பருவம் திறந்தது, ஆறு திறக்கவில்லை

தூண்டில் மீன்பிடிச் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். செயலாளர் அறிக்கை என்றாலே பின்வரிசை மெல்ல நழுவ ஆரம்பித்துவிடும், அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வசந்தத்தில் முதல் மூன்று வாரமும் நாம் பிடித்த ட்ரவுட் மீனைவிட மரக்கிளைக்குப் பறிகொடுத்த ஃப்ளைதான் (பூச்சி மாதிரி இறகு கட்டிய தூண்டில் முள்) அதிகம். தேதியைப் பார்த்துக் கிளம்பினோமே தவிர தண்ணீரைப் பார்க்கவில்லை.

மீன்பிடிப் பருவத்தின் திறப்பு நாளன்று காலை ஆற்றில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தபோது 4 டிகிரி. மேலே பனி உருகி வந்த வெள்ளம், கலங்கல் வேறு, முழங்கால் ஆழத்தில் நின்றால் சொந்தக் கால் தெரியவில்லை. அந்தக் குளிரில் ட்ரவுட் பட்டினி கிடக்காது, ஆனால் இரைக்காக ரொம்ப தூரம் ஓடியும் வராது. இழுப்பு குறைந்த இடமாகப் பார்த்து ஆற்றின் அடியோடு அடியாகப் படுத்துக்கொண்டு, மூக்குக்கு நேரே வருவதை மட்டும் வாயைத் திறந்து வாங்கும். நாமோ கரையோரமாக வரிசை கட்டி நின்று, நட்டாற்றில் மிதக்கும் ஃப்ளையைப் போட்டுக்கொண்டிருந்தோம். அன்றைக்குக் கனமான நிம்ஃபை, அதாவது இறக்கை முளைக்காத இளம்பூச்சி மாதிரி கட்டிய ஃப்ளையை, அடியில் உருட்டிவிட்ட ஒரே ஒரு உறுப்பினர் இரண்டு மீன் பார்த்தார். மற்றவர்களுக்குச் சளி பிடித்தது.

நான்காவது வாரம் கதை மாறியது. மேகமூட்டமான நாள், தண்ணீர் 10 டிகிரியைத் தாண்டியிருந்தது, மதியத்துக்கு மேல் மேஃப்ளை என்ற ஆற்றுப்பூச்சி கிளம்ப ஆரம்பித்தது. அடியில் கல்லிடுக்கில் நிம்ஃபாக மாதக்கணக்கில் கிடந்த பூச்சி மேலே வந்து, தோலை உரித்து, சின்னப் பாய்மரம் மாதிரி இறக்கையை நிமிர்த்தி நீர்ப்பரப்பிலேயே கொஞ்ச தூரம் மிதந்து போகும். இறக்கை முளைத்த பிறகும் இன்னொரு முறை தோல் உரிக்கிற பூச்சி அது ஒன்றுதான். சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

எங்கே பார்த்தாலும் வட்டம் வட்டமாக மீன் எழும்புகிறது, எல்லோரும் உலர் ஃப்ளையை, அதாவது மேலே மிதக்கும் ஃப்ளையை, போடுகிறோம், ஒன்றுகூடத் தொடவில்லை. அரை மணி நேரம் இப்படியே போனது. நம் மூத்த உறுப்பினர் மட்டும் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார், "அந்த வட்டத்துல குமிழி இருக்கா, பாருப்பா." இல்லை. மேலே மிதக்கும் பூச்சியை விழுங்கும் மீன் காற்றையும் சேர்த்து வாங்கிச் செவுள் வழியாக விடும், அதனால் வட்டத்தின் நடுவில் ஒரு குமிழி மிஞ்சும். குமிழி இல்லை, மூக்கும் தெரியவில்லை, முதுகும் வால் நுனியும் மட்டும் புரள்கிறது என்றால் மீன் நீர்ப்பரப்புக்கு ஒரு விரல் கீழே, தோல் உரிக்க முடியாமல் திணறும் பூச்சியைப் பொறுக்குகிறது. ஃப்ளையின் முன்பக்கத்து இறகைக் கத்தரித்துவிட்டு, அரைகுறையாக மூழ்கவிட்டுப் போட்டேன். மூன்றாவது வீச்சில் தூண்டில் நரம்பு சட்டென்று நின்றது, மீன் கடித்துவிட்டது. இந்த வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது என்று ஏதாவது இருந்தால் அந்தக் குமிழிதான்.

இனி மனத்தாங்கல். யாரையும் பெயர் சொல்லப் போவதில்லை, ஆனால் வளைவுக்குக் கீழே இருக்கும் சரளைத் திட்டில் பூட்ஸ் தடம் பார்த்தேன். சுற்றியுள்ள கல்லெல்லாம் பாசி படிந்து கறுப்பாக இருக்க, ஒரு கட்டில் அளவுக்கு மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது என்றால், பெண் மீன் வாலால் கிளறி முட்டையிட்ட இடம் அது. ரெயின்போ ட்ரவுட் முட்டையிடுவதே வசந்தத்தில்தான். பிரவுன் ட்ரவுட் இலையுதிர்காலத்தில் இட்டுவிடும், ஆனால் அதன் குஞ்சுகளும் வசந்தம் வரை கல்லுக்கடியில்தான் கிடக்கும். ஆக இரண்டு வகைக்குமே நம் பூட்ஸ் எமன். சுற்றிப் போங்கள், பத்தடி கூடுதலாக நடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடும் முறையும் தேறியிருக்கிறது என்று சொல்ல ஆசைதான். கையை நனைத்துவிட்டுத் தொடுவது பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிட்டது. உலர்ந்த கை பட்டால் உடம்பின் வழுவழுப்பு உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். தூண்டில் முள்ளின் எதிர்க்கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள் என்று போன வருஷமே தீர்மானம் போட்டோம், பாதிப் பேர் செய்கிறார்கள். போட்டோ விஷயத்தில்தான் யாரும் கேட்பதாக இல்லை. மீனைத் தண்ணீரிலேயே வைத்திருந்து, கேமரா தயாரான பிறகு தூக்குங்கள், அதுவும் சில நொடிதான். ஓடிக் களைத்த மீனைக் காற்றில் பிடித்து வைப்பது, மூச்சிரைக்க ஓடி வந்தவன் தலையைத் தொட்டிக்குள் அமுக்குவது மாதிரி.

பருவக் கடைசியில் வெயில் ஏறி ஒரு மாலை தண்ணீர் 20 டிகிரியைத் தொட்டது, அன்றோடு நிறுத்தச் சொன்னேன். சிலருக்கு வருத்தம். 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 20 டிகிரியில் 9 தான். அந்த நேரத்தில் பிடித்து விட்ட மீன் நீந்திப் போவது போலத் தெரியும், அப்புறம் எங்கோ கல்லிடுக்கில் செத்துக் கிடக்கும். மறுபடியும் அப்படித்தான் நிறுத்துவேன், வேறு செயலாளர் வேண்டுமென்றால் தேர்தலில் நில்லுங்கள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கரையோர மரம் நடும் வேலைக்கு வந்தவர்களுக்கு நன்றி, வருவதாகச் சொன்னவர்களுக்கும்தான். வேறு ஆற்றுக்குப் போய் வந்தால் பூட்ஸையும் வலையையும் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே இங்கே இறங்குங்கள். ஈரத்தோடு அங்கிருந்து எது வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக, சங்கத்தின் தெர்மாமீட்டர். நீலக் கயிறு கட்டியது, படகுக் கொட்டகையில் ஆணியில் தொங்கியது. கடைசி வாரத்திலிருந்து காணோம். எடுத்தவர் அதே ஆணியில் மாட்டிவிட்டால் போதும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.