பொம்மைக் கலைஞர் சங்கம், சேலம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான அறிக்கை இது. செயற்குழு வழக்கம்போல் மாதாமாதம் கூடியது. பட்டறை இடம் மாறியது எல்லோருக்கும் தெரியும். பழைய இடத்துக்காரருக்கு அம்மோனியா நெடி ஒத்துக்கொள்ளவில்லை. பொம்மைத் தோலுக்கு நாம் வாங்கும் ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா கலந்துதான் வரும், அவர்மேலும் தப்பில்லை. புது இடம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிப் பட்டறைகளுக்கு நடுவே. பொம்மையின் கண்ணிமைக்குப் பொடிக் கீல் வேண்டுமென்றால் பக்கத்துச் சந்திலேயே செய்து கொடுக்கிறார்கள்.

இந்த வருடத்தின் பெரிய வேலை, கோயில் தூண்களில் இருக்குமே, அந்த யாளியைப் பொம்மையாகச் செய்தது. ஏற்காட்டில் குறும்படம் எடுக்கும் குழு ஒன்று கேட்டது. கணினியில் வரைந்து சேர்க்காமல், நடிகர் தொட்டு நடிக்க எதிரே ஒரு உருவம் நிற்க வேண்டும் என்பது இயக்குநரின் கட்சி. நம் இளைஞர்கள் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போய்த் தூண்களை வரைந்து வந்தார்கள். வரைபடம் அருமை. ஆனால் களிமண்ணில் வடித்தபோது தூண்தான் வந்ததே தவிர விலங்கு வரவில்லை.

அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர், "சரி, இது என்னப்பா சாப்பிடும்?" என்று கேட்டார். முதலில் சிரித்தோம். முகத்தின் அமைப்பே அதைப் பொறுத்ததுதான் என்று பிறகு புரிந்தது. மேய்கிற பிராணி என்றால் கண்கள் பக்கவாட்டில் இருக்கும், தாடை இடவலமாக அரைக்கும். வேட்டையாடுவது என்றால் கண்கள் முன்னோக்கி இருக்கும், தாடை கத்தரி மாதிரி மேலும் கீழுமாகத்தான் போகும். நம் யாளிக்கோ துதிக்கையும் உண்டு, சிங்கப் பல்லும் உண்டு! அந்த மாதச் செயற்குழு முழுக்க இதிலேயே போனது. குறிப்பேட்டில் விவரம் இருக்கிறது. கடைசியில் வேட்டை விலங்கு, துதிக்கை மோப்பத்துக்கு என்று முடிவானது. கண்களை முன்னுக்குக் கொண்டுவந்து, கடிக்கும் தசைக்காகக் கன்னத்தைப் புடைக்கவிட்டதும் முகம் மாறியது. அதற்குப் பிறகு பல்லையும் செதிலையும் பற்றி யாரும் சண்டை போடவில்லை. 1980-இல் ஸ்டார் வார்ஸ் படவரிசையில் திரைக்கு வந்த யோடா என்ற குட்டி ஞானியின் பொம்மைக்கு, ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் தன் முகச் சாயலையும் ஐன்ஸ்டைனின் சாயலையும் சேர்த்தார். இல்லாத உயிரையும் இருக்கிற உயிரிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

தோல் விஷயத்தில் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. நுரை ரப்பர் எடை குறைவு, நன்றாக மடங்கும். ஆனால் தண்ணீரைக் குடிக்கும். 1993-இல் வந்த ஜுராசிக் பார்க் படத்தின் மழைக் காட்சியில் பெரிய டைனோசர் பொம்மை நனைந்து, எடை கூடி, உதறத் தொடங்கியது. துண்டால் ஒற்றி ஒற்றித்தான் படம் எடுத்தார்கள். நமக்கும் மழைக் காட்சி உண்டு. எனவே தலைக்கு மட்டும் சிலிக்கோன். அது கனம், கழுத்து மோட்டாருக்குச் சிரமம். ஆனாலும் ஒளி உள்ளே இறங்கித் தெரிகிற அந்தத் தோல் ரப்பரில் வராது என்பது என் கருத்து. பிளாட்டினம் வகை சிலிக்கோன், அதாவது பிளாட்டினத்தை வினையூக்கியாகக் கொண்டு இறுகுவது, கந்தகம் கலந்த களிமண்மேல் இறுகாமல் பிசுபிசுத்தே நிற்கும். இனிப் பட்டறைக்குள் கந்தகமில்லாத களிமண் மட்டுமே வர வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

இயக்கத்துக்கு மூன்று பேர்: தலைக்குள் கைவிட்டு ஒருவர், ரிமோட்டில் கண்ணுக்கு ஒருவர், சைக்கிள் பிரேக் கம்பியில் துதிக்கைக்கு ஒருவர். தலை திரும்பும்போதே இமை மூட வேண்டும். அந்த ஒத்திகை இன்னும் போதவில்லை. மார்புக்குள் வைத்த காற்றுப்பை மூச்சு நன்றாக வந்திருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நுரை ரப்பரை வேகவைக்கப் பெரிய அடுப்பு வாங்கும் தீர்மானம் அடுத்து வாக்கெடுப்புக்கு வருகிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்கு முன் கட்டிவிட்டால்தான் வாக்களிக்க முடியும்.