ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு வேண்டாம், மல்லிகா

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குத்தான் முழங்கால் வலி விடவில்லை.

ரம்யாவைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பகலெல்லாம் பட்டினி. ராத்திரி வீடு அடங்கியதும் ஒரு பாக்கெட் பிரெட், பாட்டில் ஜாம், மீந்த சாதம் என்று மூச்சு முட்டத் தின்றுவிட்டு, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வாந்தி. இது போதாதென்று உன் பர்ஸிலிருந்து பணம் எடுப்பதும், கண்டதை வாங்கிக் குவிப்பதும். சாப்பாட்டு நோய் சரி, திருட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறாய்.

இரண்டும் சேர்ந்து வருவதுண்டு, மல்லிகா. இப்படி அடங்காமல் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் நோய்க்குப் புலிமியா நெர்வோசா என்று பெயர் வைத்து 1979-இல் எழுதியவர் லண்டன் டாக்டர் ஜெரால்ட் ரஸ்ஸல். குடி, அடங்காமல் தின்பது, கையை அறுத்துக்கொள்வது, கடையில் திருடுவது எல்லாம் ஒரே ஆளிடம் கூடி வருவதைப் பற்றி 1986-இல் லேசி, எவன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். எல்லா நோயாளிகளும் அப்படி இல்லை. அனோரெக்ஸியா என்ற, எடை கூடுமோ என்று பயந்து பட்டினி கிடக்கும் நோயில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறவர்களில் பலர் நேர்மாறு, ஒவ்வொரு வாயையும் கணக்குப் பார்ப்பார்கள். ரம்யா மாதிரிப் பிள்ளைகளுக்கு மனசு தாங்காத நேரத்தில்தான் அந்த வேகம் வரும். மற்ற நேரத்தில் அவள் எவ்வளவு நிதானமானவள் என்று உனக்கே தெரியும்.

பட்டினிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1944-45இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். ராத்திரி பகல் சாப்பாட்டு நினைப்புதான். ஒருவர் மிட்டாய் திருடும் அளவுக்குப் போனார். பிறகு வயிறாரக் கொடுத்தபோதும் சிலரால் நிறுத்த முடியவில்லை. அந்தப் பையன்களைத் திருட்டுப் புத்திக்காரர்கள் என்று சொல்வாயா?

அதனால் அண்ணா ஃப்ரிட்ஜுக்குப் போட்ட பூட்டை முதலில் எடுக்கச் சொல். பூட்டினால் ஒளித்துத்தான் தின்பாள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு தடவை ஏதாவது கொஞ்சம், நாலு மணி நேரத்துக்கு மேல் வயிறு காயக் கூடாது. சிகிச்சையே அங்கேதான் தொடங்குகிறது. ராத்திரி தின்றுவிட்டாள் என்று காலை இட்லியை நிறுத்தவே கூடாது, அன்று ராத்திரி மறுபடியும் அதேதான் நடக்கும்.

வார்டில் வேலை பார்த்தபோது புதிதாக ஒரு பிள்ளை வந்தால் நான் முதலில் விரல் முட்டிகளைத்தான் பார்ப்பேன். வாந்தி வரவைக்கத் தொண்டைக்குள் அடிக்கடி கையை விடுவதால் பல் பட்ட தழும்பு இருக்கும். ரம்யாவின் கையையும் பார், திட்டுவதற்காக அல்ல. வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். மயக்கம், படபடப்பு என்றால் நேரே ஆஸ்பத்திரி.

தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாளா, சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனநல டாக்டரிடம் போகும்போது பர்ஸ் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் தெரிந்தால்தான் சரியான சிகிச்சை யோசிப்பார்கள். ராத்திரியில் தவித்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416 இருக்கிறது, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

என்றைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று போன் பண்ணு, நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
சாந்தி