263 பேர் திரும்பி வந்தார்கள்

தமிழ்நாடு முன்னாள் படைவீரர் நலத்துறை இயக்குநர் அவர்களுக்கும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். கடைகளும் வண்டிகளும் நெருக்கியடிக்கும் இடம் என்பதால் நின்று படிப்பவர்கள் குறைவு. இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. வேலூரைப் போய்க் கிராமம் என்கிறார்களே என்று யோசிக்க வேண்டாம். நாடெங்கும் ஊர் ஊராக ஏறக்குறைய இதே வாசகத்தோடு கல் வைத்தார்கள். ஊர்ப் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றினால் போதும்.

கல்லில் ஒரு பெயர்கூட இல்லை. செத்த 14 பேருக்கும் இல்லை, திரும்பி வந்த 263 பேருக்கும் இல்லை. அந்த 263 பேரில் ஒருவர் என் கொள்ளுத்தாத்தா என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. அதைக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

காகிதம் இல்லாவிட்டாலும் ஒரு பதக்கம் இருந்தது. அந்தப் போருக்குப் போன சிப்பாய்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த போர்ப் பதக்கம் அசல் வெள்ளி. விளிம்பைச் சுற்றி ஆளின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஒரு பஞ்ச வருஷத்தில், அல்லது ஒரு கல்யாணச் செலவில் (சொல்பவரைப் பொறுத்துக் கதை மாறும்), அது ஆசாரியிடம் போய்க் கொலுசாகிவிட்டது. கொள்ளுப்பாட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பசித்த வீட்டில் வெள்ளி வெள்ளிதான். ஆனால் கொள்ளுத்தாத்தா எந்தப் பட்டாளத்தில் இருந்தார் என்ற ஒரே தடயமும் அதோடு உருகிப்போனது. மிச்சம் இருப்பது, 'பாசுராவுக்குப் போனவர்' என்று பாட்டி சொன்ன ஒரு வார்த்தை. மெசபடோமியாவின் பஸ்ரா.

சரி, பட்டாளத்திடமே கேட்கலாமே என்பீர்கள். மதராஸ் காலாட்படையை 1920களில் வெள்ளைக்காரன் கலைத்துவிட்டான். தெற்கத்தியான் போருக்கு லாயக்கில்லை, வடக்கேதான் வீரச் சாதிகள் இருக்கின்றன என்று இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு காலத்திலிருந்தே ஒரு கொள்கை ஓடிக்கொண்டிருந்தது. செலவைக் குறைக்க வேண்டிவந்தபோது முதலில் கத்தி விழுந்தது நம்மவர்கள் மேல். அடுத்த போர் வந்து ஆள் பற்றாமல் போனதும், 1941இல் மதராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். நடுவில் கலைந்துபோன பட்டாளத்தின் சிப்பாயைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது?

இறந்தவர்கள் விஷயத்திலாவது உலகம் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கிறது. பஸ்ரா நினைவுச் சுவரில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளின் பெயரை மட்டும் வெட்டிவிட்டு, சிப்பாய்களைப் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையில் அடக்கினார்கள். இந்தியர், ஆப்பிரிக்கர் முதலான 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நம் நாட்டிலும் 2019இல் திறந்த டெல்லி தேசியப் போர் நினைவகத்தில், சுதந்திரத்துக்குப் பின் உயிர் கொடுத்தவர்களின் பெயர்கள் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் கிரானைட்டில் இருக்கின்றன. அதிகாரி, சிப்பாய் என்ற பேதம் அங்கே இல்லை. நல்ல காரியம்.

நான் எழுதுவது சாகாமல் வந்தவர்களைப் பற்றி. பதினைந்து, பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, டிரங்குப் பெட்டியோடு காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி, மறுநாள் வேறு வேலை தேடப் போனவர்களைப் பற்றி.

தாத்தா இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தார். எங்களுக்கு அது எப்படித் தெரியும் என்றால், பர்மா ஸ்டார் பதக்கம் வெள்ளி இல்லை, உருக்கினால் காசு தேறாது. அதனால் தப்பித்தது. பிரிட்டனில் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் கிடையாது. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் பின்பக்கம் எண்ணும் பெயரும் பொறித்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு வரிதான் அவருடைய முழு வரலாறு. பர்மாவில் பாலம் கட்டினார் என்று அப்பா சொல்வார். எந்த ஆறு, எந்தப் பாலம் என்று அப்பா கேட்டதில்லை, தாத்தா சொன்னதுமில்லை. அவர் ஊர் திரும்பியபோது, 1945இல் பிறந்திருந்த அப்பா நடக்கத் தொடங்கியிருந்தாராம். யாரோ மீசைக்காரன் வீட்டுக்குள் வந்துவிட்டான் என்று அலறியிருக்கிறார். போர் பற்றி எங்கள் குடும்பத்தில் முழுதாக மிஞ்சிய ஒரே சம்பவம் இதுதான்.

அப்பா 1963இல் சேர்ந்தார். சீனப் போருக்குப் பிறகு ஆள் எடுப்பு மும்முரமாக நடந்த காலம். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் பயிற்சி. மதராஸ் சாப்பர்களுக்குப் பட்டாளத்தில் 'தம்பி' என்றே பெயர். எழுபது வயதிலும் அவருடைய பழைய சகாக்கள் ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். கம்பிவேலிகளைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' 1912இல் தங்கள் குரூப்பில் கண்டுபிடித்தது என்று சொல்லும்போது மட்டும் அவர் குரலில் கொஞ்சம் கர்வம் ஏறும். மற்றபடி கண்ணிவெடி, பாலம், ரோடு. சாப்பர் வேலை அதுதான்.

1970இல் கல்யாணம். மறு வருஷம் டிசம்பரில் பாகிஸ்தானுடன் போர். அம்மாவிடம் இருந்த முகவரி 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலையம் மட்டும். ராணுவ வீட்டில் பிறந்த எவருக்கும் இந்த எண் தெரியும். ஆள் எந்த ஊரில் இருந்தாலும் கடிதம் அங்கேதான் போகும், அங்கிருந்துதான் வரும். கணவன் ராஜஸ்தானத்து மணலில் நிற்கிறானா, காஷ்மீரத்துப் பனியில் நிற்கிறானா என்று தெரியாமல் பக்கத்து வீட்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன் என்பார்.

அப்பா இருந்தது மேற்கு எல்லையில், பாகிஸ்தானின் ஷகர்கட் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில். டிசம்பர் 15 இரவு, எதிரி விதைத்து வைத்திருந்த கண்ணிவெடிக் களத்தில் டாங்கிகளுக்கு வழி திறக்கும் வேலை மதராஸ் சாப்பர்களின் 9ஆம் இன்ஜினியர் ரெஜிமென்ட்டுக்கு. வழி முழுக்கத் திறக்கும் முன்பே 17 பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் டாங்கிகள் உள்ளே போயின. மறுநாள் நடந்த டாங்கிச் சண்டையில் 21 வயது அருண் கேத்ரபால் உயிர்விட்டு பரம்வீர் சக்கரம் பெற்றது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிய வேண்டியதுதான். அந்த டாங்கிகள் போன தடத்தைக் குளிரில் குப்புறப் படுத்துக் குத்திக் குத்திப் பார்த்து, இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டு போன தம்பிகளைப் பற்றிப் பேச ஆளில்லை. அப்பாவுக்கு பஸ்சிமி ஸ்டார் கிடைத்தது, அந்தப் போரின் மேற்கு முனையில் இருந்த எல்லாருக்கும் கிடைத்ததுபோல.

1980இல் ஹவில்தாராக வெளியே வந்தார். வயது 35. அதற்கப்புறம் பட்டாளத்தில் இருந்ததைவிட அதிக வருஷங்கள் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். தெருவில் அவருக்கு 'மிலிட்டரி' என்று பெயர். சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அவரைப் பற்றி நினைவிருப்பது கேன்டீன் ரம் மட்டும். தீபாவளி நெருங்கினால் திடீர்ப் பாசம் பெருகும். அவர் சிரித்துக்கொண்டே கொடுப்பார்.

அவர் போன பிறகுதான், அரசாங்கத்துக்கு அவர் எவ்வளவு குறைவாகத் தெரிந்தவர் என்று எனக்குப் புரிந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, பென்ஷன் ஆணையில் மூன்றாவது மாதிரி. கல்யாணமாகி வந்தபோது பார்ட் டூ ஆர்டரில் (குடும்ப விவரங்களைப் பதியும் பட்டாள ஆணை) எழுதிய யாரோ ஒரு கிளார்க்குக்குத் தமிழ்ப் பெயர் வாயில் நுழையவில்லை. அதைச் சரிசெய்யாமல் குடும்ப பென்ஷன் நகராது என்றார்கள் ஒரு அலுவலகத்தில். கடைசியில் சரியானது, அந்தப் புலம்பலுக்காக இதை எழுதவில்லை. அந்தக் கட்டைப் புரட்டியபோது கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். உயரம், மார்பளவு, அடையாள மச்சம், தடுப்பூசித் தேதி எல்லாம் அதில் இருந்தது. பசந்தர் இல்லை. அம்மா தனியாக நடத்திய குடித்தனம் இல்லை.

உங்கள் துறை கல்வி உதவி தருகிறது, வேலைக்குப் பதிந்து தருகிறது, ஈமச் சடங்குக்கும் உதவுகிறது. அதோடு ஒன்றைச் சேர்த்துச் செய்யுங்கள்: ஊர்வாரியாகப் பெயர்ப் பட்டியல், உயிரோடிருப்பவர்களின் குரல் பதிவு. 1971இல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்தை ஒட்டிய வயது. 1962ஐப் பார்த்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. முதல் உலகப் போருக்குப் போன பஞ்சாப் வீரர்கள் 3.2 லட்சம் பேரின் விவரம் லாகூர் அருங்காட்சியகத்தில் 26,000 பக்கங்களாகக் கிடந்தது. பிரிட்டனில் குடியேறிய பஞ்சாபிகளின் பாரம்பரிய அமைப்பு ஒன்றும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைக் கணினியில் ஏற்றத் தொடங்கி, பேரன் பேத்திகள் கிராமத்தின் பெயரைப் போட்டுத் தேடும்படி செய்திருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டிலிருந்து சாதாரண வீரர்களின் நினைவுகளைச் சேகரித்து வைக்கிறது. அரைமணி நேரப் பேச்சு இருந்தால் போதும், பதவியும் பதக்கமும் தேவையில்லை. வீட்டுக்கு ஒருவர் பட்டாளம் போவதால் 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை உங்கள் எல்லைக்குள் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆட்களைத் தேடி அலையவும் வேண்டாம். வருஷா வருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்காக அவர்களே வருகிறார்கள். செல்போனில் சான்று கொடுக்கலாம் என்றான பிறகும், செல்போன் பழகாத கிழவர்கள் நேரில்தான் வந்து பெஞ்சில் காத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி, ஒரு செல்போன், ஒரு கல்லூரி என்.சி.சி. மாணவி. டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பதக்கங்களின் பின்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளட்டும். ரகசியம் வெளியே போகும் என்று யாராவது தயங்கினால், 1971 வரையிலான சேவையோடு நிறுத்திக்கொள்ளலாம். மனைவி உடன் வந்திருந்தால் அவரிடமும் கேட்க வேண்டும். என் அம்மாவைப் போன்றவர்கள் அந்தக் காலத்து ஊரையே ஒப்பிப்பார்கள்.

மாணவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள். 'பயமாக இருந்ததா' என்று கேட்டால் 'சேச்சே' என்று முடித்துவிடுவார்கள். குளிருக்கு என்ன செய்தீர்கள், லங்கரில் என்ன சாப்பாடு, சம்பளத்தில் வீட்டுக்கு எவ்வளவு மணியார்டர் போட்டீர்கள், இந்தி தெரியாமல் முதல் மாதம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கட்டும். ஒரு மணி நேரம் பேசுவார்கள். அப்பாவிடம் நான் அப்படிக் கேட்ட ஒரு சாயங்காலத்தில்தான் பசந்தர் வந்தது. அதற்கு முன் அந்தப் பெயரே எங்கள் வீட்டில் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம், பர்மா ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், 56 ஏ.பி.ஓ. முத்திரையோடு அம்மா கட்டி வைத்திருக்கும் கடிதங்கள் ஆகியவற்றின் நகலைத் தரத் தயாராக இருக்கிறேன். அம்மாவும் பேசத் தயார்; காலை நேரமாக இருந்தால் நல்லது, மதியத்துக்கு மேல் அவருக்குக் களைத்துவிடுகிறது. வருகிற டிசம்பர் 7 கொடி நாளுக்குள் ஒரு மாவட்டத்திலாவது இது தொடங்குமா என்று பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு சாப்பரின் மகன்
வேலூர்