தேங்காய் என்று தேடினால் கிடைக்காது

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவர் கண்டுபிடிப்புகள் பற்றிய உங்கள் கட்டுரையில், 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் இணையத்தில் தேடிப் பாருங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஏற்கெனவே வெளிவந்த ஒன்றுக்குக் காப்புரிமை கிடைக்காது என்பதால்தான் தேடச் சொல்கிறோம்; ஆனால் எங்கே தேடுவது என்பதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறேன். என் மாணவர்கள் நான்கு பேர் தென்னை ஏறும் கருவி செய்தார்கள். மேலே போகப் போக மரம் சிறுத்தாலும், மிதித்தவுடன் கம்பிவடம் தானே இறுகும். கூகுள் பேட்டன்ட்ஸில் 'கோக்கனட் ட்ரீ கிளைம்பர்' என்று போட்டுப் பார்த்தோம். அப்படி எதுவும் வரவில்லை. பணம் கட்டி விண்ணப்பித்தோம். காப்புரிமை அலுவலகம் அனுப்பிய முதல் ஆய்வு அறிக்கையில், கம்பம் ஏறும் பழைய வெளிநாட்டுக் கருவி ஒன்றைக் காட்டியிருந்தார்கள். அதே இறுக்கம், அதே மிதி. தென்னை என்ற சொல்லே அதில் இல்லை.

காப்புரிமை எழுதுகிறவர்கள் பொதுச் சொல்லாகத்தான் போடுவார்கள். தென்னை என்று எழுதினால் உரிமை தென்னையோடு நின்றுவிடும். அதனால் சொல்லைவிட, ஒவ்வொரு வகைக் கண்டுபிடிப்புக்கும் காப்புரிமை அலுவலகங்கள் தரும் வகைப்பாட்டு எண்தான் முக்கியம். மரம், கம்பம் ஏறும் கருவிகளுக்குச் சர்வதேச வகைப்பாட்டில் ஏ63பி 27 என்று தனி இடம் உண்டு. அது உடற்பயிற்சிக் கருவிகளின் பிரிவில் இருக்கிறது. நாங்களோ விவசாயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

எண் கையில் கிடைத்தபின் ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பேஸ்நெட்டுக்குப் போகலாம். இலவசம்தான். சீன, ஜப்பானிய ஆவணங்களை ஆங்கிலத்தில் இயந்திர மொழிபெயர்ப்பாகப் படிக்க முடியும். பிசிடி என்ற காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் வழியே போன சர்வதேச விண்ணப்பங்களுக்கு, உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் பேட்டன்ட்ஸ்கோப் தளம். நம் நாட்டு விண்ணப்பங்களுக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளம். அதில் 'வெளியானவை', 'வழங்கப்பட்டவை' இரண்டையும் டிக் செய்ய வேண்டும். கடைசிப் பதினெட்டு மாத விண்ணப்பங்களில் பெரும்பாலானவை இன்னும் வெளியிடப்படாததால் எந்தத் தளத்திலும் இருக்காது என்பதையும் மாணவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

காப்புரிமைத் தளங்களோடும் நின்றுவிடக் கூடாது. காயத்துக்கு மஞ்சள் என்று 1995இல் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை, நம் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் எதிர்த்து 1997இல் ரத்து செய்ய வைத்தது. அது புதிதல்ல என்று காட்ட அங்கே கைகொடுத்தவை பழைய நூல்களும், 1953இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையும்தான்.

ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு, அதற்கான எண்ணைக் கண்டுபிடிப்பதிலிருந்து ஒவ்வொரு தளமாகத் தேடுவது வரை படத்தோடு விளக்கி ஒரு கட்டுரை வெளியிடுங்கள். இறுதியாண்டு புராஜெக்ட் தொடங்கும் முன்பே வந்தால் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்கல் ஆசிரியர்,
பொள்ளாச்சி