2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், செயற்குழுவினர், சங்கக் குடும்பங்கள் அனைவருக்கும் வணக்கம். ஜனவரி முதல் டிசம்பர் வரை மத்திய நியூ ஜெர்சியில் நம் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா பள்ளி அரங்கில் சிறப்பாக நடந்தது. சித்திரையில் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி நடத்தினோம். ஜூலையில் கோடைச் சந்திப்பு வழக்கம்போல நடந்தது. செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு கூட்டங்களுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை சேரவில்லை.

அடுத்து, அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நடந்த ஹாலோவீன் கிரில் மாலை. பிள்ளைகள் பேய் வேடமிட்டு மகிழும் ஹாலோவீனையொட்டி, வெளியில் கம்பி அடுப்பில் சுட்டுப் பரிமாறிய நிகழ்ச்சி இது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி வெளியே பல பேச்சுகள் உலவுகின்றன. நடந்தது என்ன என்பது ஏட்டில் இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் கூட்டத்தில் நான் இந்த யோசனையை வைத்தபோது, "பேய் வேடமெல்லாம் நமக்கு எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்கள் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் 2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தன. அன்று மாலை நம் பிள்ளைகள் பள்ளித் தோழர்களோடு பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கத்தான் போவார்கள். அவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதனால் அதற்கு முந்தைய ஞாயிறன்று நாமே அவர்களைக் கூப்பிட்டு, வேடத்தோடு வரச்சொல்லி, வெளியில் அடுப்பு மூட்டிச் சுட்டுப் போட்டால் சங்கத்துக்கு விருப்பத்தோடு வருவார்கள் என்றேன். தூத்துக்குடிப் பக்கத்து அண்ணன் ஒருவர் அன்று எழுந்து பேசியது மறக்க முடியாதது. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள், 2 கல்லறைத் திருநாள், இவற்றுக்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன் என்று விளக்கினார். தங்கள் ஊரில் கல்லறைக்கு வெள்ளையடித்து, மெழுகுவத்தி ஏற்றிப் பூ வைப்பதைச் சொன்னார். மகாளய அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள்தான் அந்த அறையில் பாதிப்பேர். அதற்கு மேல் யாரும் மறுக்கவில்லை.

தேதியையும் யோசித்தே வைத்தோம். புரட்டாசி அக்டோபர் நடுவில் முடிந்துவிட்டது. சனிக்கிழமை கறி சாப்பிடாத குடும்பங்கள் பல இருப்பதால் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். அந்த நாட்களில் சூரியன் ஆறு மணிவாக்கில் மறைகிறது. நாலு மணிக்கு அடுப்பு, ஆறு மணிக்குப் பரங்கி விளக்கு என்று திட்டமிட்டோம்.

அப்புறம்தான் வந்தது சோதனை. அந்த அக்டோபரில் இந்த மாநிலத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை. 1895 முதல் வைத்திருக்கும் கணக்கிலேயே இவ்வளவு வறண்ட மாதம் வேறு இல்லை. நம் நிகழ்ச்சி நெருங்கிய வேளையில் மாநிலக் காட்டுத்தீத் துறை மூன்றாம் நிலைக் கட்டுப்பாட்டை அறிவித்தது. விறகும் கூடாது, கரியும் கூடாது. தரையிலிருந்து உயர்த்திவைத்த அடுப்பில், கேஸ் அல்லது மின்சாரம் மட்டும்தான். நாம் எட்டு மூட்டை கரி வாங்கி என் வீட்டுக் கராஜில் அடுக்கியிருந்தோம். "ஒரு நாள்தானே, ஓரமாக வைத்துச் சுட்டுவிடலாம்" என்று இரண்டு பேர் தொலைபேசியில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பூங்காவில் உதிர்ந்து கிடந்த இலை, காலை வைத்தால் அப்பளமாக நொறுங்கியது. ஒரு பொறி போதும். நவம்பரில் வட எல்லையில் ஜென்னிங்ஸ் க்ரீக் தீ 5,000 ஏக்கருக்கு மேல் எரிந்ததை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். கரி வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தது சரி என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

மூன்று குடும்பங்கள் தங்கள் கேஸ் கிரில்களைத் தூக்கிக்கொண்டு வந்தன. அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. ஒன்றின் சிலிண்டர் காலி. ஞாயிறு காலை ஓடிப்போய் மாற்றி வந்தோம். குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவைத்தோம். ஒரு கிரில்லை முழுக்கச் சைவத்துக்கு ஒதுக்கினோம். அதன் இடுக்கியிலும் கரண்டியிலும் பச்சைத் துணி கட்டியிருந்தோம். கறி பட்ட கம்பியில் சுட்டதைத் தொடாத பெரியவர்கள் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

சமைத்தவற்றைச் சொல்லவேண்டும். அடுத்த முறை யார் செய்தாலும் பயன்படும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டது வௌவால் இறக்கை. கோழி இறக்கையை வெட்டாமல் முழுதாக வைத்து, மிளகு, பூண்டு, சோயா சாஸ், கொஞ்சம் கறுப்பு உணவு வண்ணம் சேர்த்து முதல்நாள் இரவே ஊறவைத்தோம். கிரில்லில் விரித்துப் போட்டால் அசல் வௌவால்தான். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரு வாரம் முன்பு வீட்டில் சோதனைக்குச் செய்தபோதுதான் எனக்கே தெரிந்தது. சாதாரணமாகக் கோழி வெந்ததை நாம் நிறத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். இது போடும்போதே கறுப்பு. வெந்துவிட்டது என்று எடுத்துப் பிய்த்தால் எலும்போரம் இளஞ்சிவப்பாக இருந்தது. தெர்மாமீட்டரைச் செருகினால் 140 டிகிரி ஃபாரன்ஹீட்தான். கோழிக்கு 165 வேண்டும். அதுவும் இருட்டிய பிறகு அடுப்பின் முன்னால் நின்று நிறம் பார்க்கவே முடியாது. அதனால் நிகழ்ச்சி நாளில் ஒருவர் தெர்மாமீட்டரும் தலைவிளக்குமாக நின்று, தட்டுக்கு நாலைந்து இறக்கையாவது சோதித்த பிறகே பரிமாறவிட்டார். சாஸில் சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்று நான் சொன்னதும் இதனால்தான். சர்க்கரை சீக்கிரம் கருகும், எது கருகல், எது வண்ணம் என்றே தெரியாது.

பிள்ளைகள் தாங்களே செய்தது சிலந்தி சாசேஜ். ஒரு சாசேஜின் இரு முனைகளையும் நீளவாக்கில் நான்காகக் கீறி, நடுவில் ஒரு விரல் அகலம் மட்டும் விட்டுவிட வேண்டும். சூடான கம்பியில் வைத்த இரண்டு மூன்று நிமிடத்தில் எட்டுக் கால்களும் ஒவ்வொன்றாக வெளியே வளைந்து நிமிர்கின்றன. அதைப் பார்க்கக் கயிற்றுக்கு வெளியே பிள்ளைகள் முண்டியடித்தார்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது நடுப்பகுதியையும் நீளவாக்கில் வெட்டித்தான் கொடுத்தோம். உருண்டைத் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சைவ அடுப்பில் எலும்புச் சோளம். மக்காச்சோளக் கதிரைக் கொஞ்சம் வேகவைத்து, நிறுத்தி, நீளவாக்கில் நான்காகப் பிளந்து, எண்ணெயும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவிச் சுட்டால் விலா எலும்புபோல வளைகிறது. மேலே எலுமிச்சை தேய்த்துக் கொடுத்தபோது, மெரினாவில் சோளம் தின்ற ஞாபகம் வந்துவிட்டது என்று ஓர் அம்மா சொன்னார். பிளப்பதற்குக் கனமான கத்தியும் பெரியவர் கையும் வேண்டும், பிள்ளைகளிடம் விடக்கூடாது. ஆரஞ்சு நிறக் குடைமிளகாயில் மூடி சீவி, விதை எடுத்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே எலுமிச்சைச் சாதம் அடைத்து, நேர்த் தீயில்லாத பக்கத்தில் வைத்து மூடியைச் சாத்தினோம். இருபது நிமிடத்தில் தோல் சுருங்கிக் கிழட்டு முகம் வந்துவிடுகிறது. உள்ளிருக்கும் மஞ்சள் சாதம் கண்வழியே தெரிவதைப் பார்த்தால் விளக்கு ஏற்றியதுபோல இருக்கும். வாயை அகலமாக வெட்டியவை மட்டும் சரிந்து விழுந்தன. சிறிதாக வெட்ட வேண்டும்.

கிரில்லின் பக்க அடுப்பில் பணியாரக்கல்லை வைத்து ஒரு சகோதரி தாளிப்பில்லாத வெள்ளைப் பணியாரம் ஊற்றினார். நடுவில் கறுப்பு ஆலிவ் வளையம், சுற்றிலும் தக்காளிச் சட்னியில் சிவப்புக் கோடுகள் வைத்தால் பிடுங்கிய கண். நூற்றுக்கு மேல் ஊற்றியும் போதவில்லை. நம் வீட்டுச் சட்டியே இந்த விழாவுக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

பாதுகாப்பில் நான் கெடுபிடி செய்தேன் என்ற குறை வந்திருக்கிறது. கிரில்களைச் சுற்றி மூன்றடிக்குக் கயிறு கட்டினோம். தொங்கும் அங்கியும் பாலியெஸ்டர் சிறகுமாகப் பிள்ளைகள் ஓடும் இடத்தில் அது இல்லாமல் எப்படி? ஒரு குடும்பம் புகை வரவழைக்க உலர் பனிக்கட்டி, அதாவது உறையவைத்த கார்பன் டை ஆக்சைடு, கொண்டுவந்தது. அதை நன்னாரி சர்பத்துக்குள்ளேயே போடப் போனார்கள். அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். ஒரு துண்டு வாய்க்குள் போனால் வெந்துபோகும். சர்பத் பாத்திரத்தைப் பெரிய அண்டாவுக்குள் வைத்து, அண்டாவில் வெந்நீரும் உலர் பனிக்கட்டியும் போட்டோம். அதே புகைதான் வந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்போது முகம் சுளித்தவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

இனி, சொல்லத் தயங்கினாலும் சொல்லியாக வேண்டியது. 90 பேர் வருவதாகப் பதிவு செய்தார்கள். வந்தவர்கள் 140க்கும் மேல். கூட்டம் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஊறவைத்த இறக்கை 90 பேர் கணக்கு. ஏழு மணிக்கு வந்தவர்களுக்குச் சோளமும் பணியாரமும்தான் கிடைத்தன, அவர்களில் சந்தா கட்டிய, பதிவு செய்த குடும்பங்களும் இருந்தன. அவர்களிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உதவிக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் 12 பேர், நாலு மணிக்கு வந்து நின்றவர்கள் நான்கு பேர். அந்த நால்வரும் சாப்பிட்டபோது மணி ஒன்பது. மறுநாள் வேலைநாள். கம்பிகளைச் சூடாக இருக்கும்போதே தேய்க்க வேண்டும், ஆறினால் கொழுப்பு இறுகிவிடும். அதை நானும் என் மனைவியும் பூங்கா மூடும் நேரம் வரை செய்தோம்.

சந்தா விஷயம். பதிவேட்டில் 71 குடும்பங்கள். இந்த ஆண்டு சந்தா செலுத்தியவை 42. மூன்று முறை நினைவூட்டல் அனுப்பினேன். வசதிக் குறைவு என்றால் என்னிடமோ பொருளாளரிடமோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரையும் சங்கம் வெளியே நிறுத்தியதில்லை. பதிலே இல்லாமல் இருப்பதுதான் மனதைச் சங்கடப்படுத்துகிறது. நிகழ்ச்சிக்கு வரும்போது எல்லோரும் அன்போடுதான் பேசுகிறார்கள், அதனால் கேட்கவும் வாய் வரவில்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. கிரில் மாலைக்கு மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் செலவானது. வாங்கி வைத்த கரி வீணாகவில்லை, இருப்பில் இருக்கிறது. சில சிறு செலவுகளுக்கான ரசீதுகளை நான் இன்னும் ஒப்படைக்கவில்லை, அந்தப் பணத்தைக் கேட்கப்போவதும் இல்லை.

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கிரில் கொடுத்த மூன்று குடும்பங்களுக்கும், பூங்கா ஊழியர்களுக்கும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும், பணியாரம் ஊற்றிய சகோதரிக்கும், கடைசிவரை நின்ற நான்கு பேருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

2025இல் தீபாவளி அக்டோபர் 20, ஹாலோவீன் வெள்ளிக்கிழமை. இடையில் 22 முதல் 27 வரை கந்தசஷ்டி, பலர் விரதம் இருப்பார்கள். ஆகவே அடுத்த கிரில் மாலைக்கு நவம்பர் 1, சனிக்கிழமையைப் பரிந்துரைக்கிறேன். எந்த நாளை எடுத்தாலும் யாராவது ஒருவருக்கு விரதம் இருக்கத்தான் செய்யும், சைவ அடுப்பு அதற்காகத்தான். இரவல் வாங்காமல் சங்கத்துக்கென்று ஒரு கேஸ் கிரில் வாங்கலாம். அதற்கு 71 குடும்பங்களும் சந்தா கட்டினாலே போதும், தனி வசூல் தேவைப்படாது.

இந்தப் பொறுப்பில் எனக்கு இது ஐந்தாவது ஆண்டு. தொடர முடியுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆறேழு பேர் இப்போதே பெயர் கொடுத்து, கொடுத்தபடி வந்து நிற்பார்கள் என்று தெரிந்தால், என் பதிலை ஜூன் கூட்டத்தில் சொல்வேன். வேறு யாராவது பொறுப்பேற்க முன்வந்தால் மசாலா அளவு முதல் பூங்கா அனுமதி வரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கத் தயார்.

அன்று விட்டுச்சென்ற இரண்டு குக்கர், ஓர் எவர்சில்வர் தூக்கு, ஒரு குழந்தையின் எலும்புக்கூடு வேட உடை ஆகியவை என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. உரியவர்கள் இந்தக் கூட்டம் முடிந்ததும் என் காரிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். சந்தாவுக்கான ரசீதுப் புத்தகமும் காரில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்