ஜப்பான் என்ற சொல் போதாது, ஒக்ஷன் ஷீட்டைத் தாருங்கள்

கார் சேல் வைத்திருக்கும் முதலாளிமாருக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் ஹையர், அதாவது வாடகைக் கார், ஓடுகிறவன். ஊருக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் இடையில் ஏ9 வீதியில் போன இரவுகளுக்குக் கணக்கில்லை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்த பிறகு உங்கள் முற்றங்கள் மறுபடி நிறைந்துவிட்டன. ஐந்து வருடம் பொறுத்திருந்த சனம் லீசிங் பத்திரத்தோடு வாசலில் நிற்கிறது. அடுத்த மாதம் நானும் வருவேன். அதற்கு முன் ஒரு விஷயத்தை, ஜப்பான் ஏலத்தில் காரின் நிலையை எழுதிவைக்கும் ஒக்ஷன் ஷீட் என்ற கடதாசியைப் பற்றி, பேசி முடித்துவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் முற்றத்தில் கால் வைத்தால் காதில் விழும் முதல் பேச்சு, ஜப்பானா இந்தியாவா என்பதுதான். ஜப்பான் என்றால் இரும்பு, இந்தியன் என்றால் தகரம். பாகங்களை இறக்கி உள்ளூரில் பூட்டிச் செய்த காரைப் பற்றிக் கேட்டால் பதில்கூட வராது, ஒரு சிரிப்பு வரும். இந்தப் பட்டிமன்றத்தில் நானும் பல வருடம் ஜப்பான் கட்சி. 2017 கடைசியில் ஒரு ரொயோட்டா அக்வா பார்க்கப் போனேன், 2015ஆம் ஆண்டுக் கார். விற்பனைக்கு நின்ற தம்பி சொன்னார்: "அண்ணை, ஜப்பானில ஒரு கிழவி கடைக்குப் போய்வந்த கார். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ." அவர் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன்.

மீற்றர் 38,400 காட்டியது. பதினான்கு மாதம் நல்லாகத்தான் ஓடியது. ஒரு நாள் இரவு ஒன்றரை மணி, மாங்குளம் தாண்டி, டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பின்சீட்டில் டுபாய்க்குப் போகும் பெடியனும் தாயும். வவுனியாவில் இருந்து வேறொரு வாகனத்தை வரவழைத்து அவர்களை ஏற்றிவிட்டு, அந்த ஹையர் காசையும் நானே கொடுத்து, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

கராஜ் அண்ணை பின்சீட்டுக்குக் கீழே ஓரமாக இருந்த காற்றுத் துவாரத்தைக் காட்டினார். அக்வாவின் ஹைபிரிட் பற்றரி அந்தச் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதைக் குளிரவைக்கும் விசிறி காருக்குள் இருந்தே காற்றை இழுக்கிறது. விசிறியைக் கழற்றிப் பார்த்தால் இதழ் இதழாகப் புழுதி, பஞ்சு மாதிரி. "இதை ஒருக்காலும் துடைக்கேல்லையோ?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. கையேடு காரோடு வந்ததுதான், ஆனால் அது ஜப்பான் மொழியில் இருந்தது.

சரி, அது என் தலைவிதி என்று வைத்துக்கொள்வோம். அடுத்து அவர் பொனற்றைத் தூக்கி, உள்ளே ஒரு மூலையில் டோர்ச் அடித்தார். ஒயில் மாற்றியபோது ஒட்டிய சின்ன ஸ்டிக்கர், பாதி அழுக்கு. "எழுத்து விளங்காட்டிலும் இலக்கம் விளங்கும்தானே, தம்பி?" என்றார். விளங்கியது. 28.9.14 என்று ஒரு வரி, 69,812 என்று இன்னொரு வரி. 28 என்றால் ஹெய்செய் 28. பேரரசரின் ஆட்சியை வைத்து ஜப்பான்காரர் எண்ணும் ஆண்டு அது, நமக்கு 2016. ஆக 2016 செப்ரெம்பரில் 69,812 கிலோமீற்றர் ஓடியிருந்த கார், 2017 கடைசியில் என் கைக்கு வரும்போது 38,400 ஓடியிருக்கிறது. இடையில் ஒரு வருடம் முழுக்கப் பின்னோக்கி ஓடியிருக்க வேண்டும்.

பிறகு சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து, காசு கட்டி, ஜப்பான் ஏலத்தின் பதிவைத் தேடி எடுத்தோம். ஏலத்துக்கு வந்த அன்று 91 ஆயிரம் என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. எனக்கு உறைத்த இடம் இதுதான். ஜப்பான்காரன் ஒன்றையும் ஒளிக்கவில்லை, உள்ளதை எழுதித்தான் அனுப்பியிருக்கிறான். மீற்றரைத் திருகிய கை அந்த ஏலத்துக்கும் உங்கள் முற்றத்துக்கும் இடையில் எங்கோ இருந்திருக்கிறது.

ஜப்பான் பழைய கார்களுக்கு உலகம் முழுக்க இந்தப் பெயர் எப்படி வந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அங்கே புதுக் கார் மூன்று வருடம் முடிந்ததும் அரசாங்கப் பரிசோதனைக்குப் போக வேண்டும், அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. செலவு கூட என்பதால் பலர் அதற்கு முன்பே காரைத் தள்ளிவிடுகிறார்கள். ஏலத்துக்கு வரும் காரைப் பரிசோதகர் ஒருவர் சுற்றிப் பார்த்து, ஒக்ஷன் ஷீட்டில் இருக்கும் காரின் படத்திலேயே குறி போடுகிறார். கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யு, தட்டி எடுத்த இடத்துக்கு டபிள்யூ. விபத்தில் அடிபட்டுத் திருத்தியது என்றால் தரத்தில் 4, 4.5 என்று எண் வராது, ஆர் என்ற எழுத்து வரும். அந்த நம்பிக்கை தகட்டை விட இந்தக் கடதாசியில்தான் கூட இருக்கிறது. நீங்கள் காரை இறக்குகிறீர்கள், கடதாசி மட்டும் அம்பாந்தோட்டையிலேயே தங்கிவிடுகிறது.

அதோடு, ஜப்பான் என்ற சொல்லே இப்போது அவ்வளவு சுத்தமானதில்லை. 2010 முதல் ஜப்பானில் விற்ற நிசான் மார்ச் தாய்லாந்தில் செய்தது. 2016இல் அங்கே வந்த சுசுகி பலேனோ இந்தியாவில் செய்தது. ஹொண்டா 2024 முதல் அங்கே விற்கும் டபிள்யூஆர்-வி ராஜஸ்தானில் இருந்து போகிறது. ஐந்து கதவு ஜிம்னியும் இந்தியாவில் செய்ததுதான். 2025 தொடக்கத்தில் ஜப்பானில் அதை அறிவித்ததும் நாலைந்து நாளில் ஏறத்தாழ 50,000 பேர் கேட்டு, அவ்வளவையும் செய்து கொடுக்க முடியாமல் சுசுகி பதிவை நிறுத்தியது. நீங்கள் தகரம் என்று சொல்லும் நாட்டுக் காருக்கு ஜப்பான்காரன் வரிசையில் நிற்கிறான்! பெயரும் ஏமாற்றும். ஜப்பான் வாகன் ஆர் 660 சிசி கார், இந்தியன் வாகன் ஆர் 1000 சிசியும் 1200 சிசியும். பெயர் ஒன்று, வண்டி இரண்டு.

தகரம் என்ற பேச்சு சும்மா வந்ததும் இல்லைதான். 2014இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து கார்களை மோதிப் பார்த்தது. அல்டோ 800, நானோ, ஐ10, ஃபோர்ட் ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூச்சியம். ஜெர்மன் பெயரும் அமெரிக்கப் பெயரும் அந்தப் பூச்சியத்துக்குள் இருப்பதைக் கவனியுங்கள். அவை எயார்பாக் இல்லாத அடிமட்ட வகைகள். அதே போலோ இரண்டு எயார்பாக்குடன் மோதியபோது நான்கு நட்சத்திரம் வாங்கியது. 2018 டிசம்பரில் டாட்டா நெக்ஸொன் ஐந்து நட்சத்திரம் எடுத்தது. ஆக, எந்த நாடு என்று கேட்பதைவிட எந்த வகை, உள்ளே என்னென்ன பூட்டியிருக்கிறது என்று கேட்பதுதான் பிரயோசனம்.

மறுபக்கம், 2023 டிசம்பரில் ஜப்பானின் டைஹற்சு கம்பனி தன் பாதுகாப்புச் சோதனைகளில் செய்த தில்லுமுல்லு வெளியே வந்தது. 64 வகை வாகனங்கள், அதில் ரொயோட்டா பெயரில் விற்றவையும் உண்டு. சில முறைகேடுகள் 1989 வரை பின்னுக்குப் போகின்றன. டகாட்டா கம்பனியின் எயார்பாக் விவகாரமும் ஜப்பானில் இருந்து வந்ததுதான். வெப்பமும் ஈரமும் பட்டுப் பட்டு உள்ளிருக்கும் வெடிமருந்து பழுதாகி, விரியும்போது உலோகத் துண்டை முகத்தில் எறிந்தது. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் நம் நாட்டில் பஞ்சமா? ஜப்பான் கம்பனி திருத்தத்துக்குத் திருப்பி அழைக்கும் கடிதம் ஜப்பானில் பதிந்த உரிமையாளரின் வீட்டுக்குப் போகும், எங்கள் கோண்டாவிலுக்கு வராது. சேசிஸ் இலக்கத்தை வைத்துத் தேடிப் பார்த்துச் சொல்வது விற்கிறவரின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

என் மச்சான் வைத்திருப்பது இந்தியன் அல்டோ. 796 சிசி, பவர் ஸ்டியரிங் இல்லை, கதவு மூடும் சத்தம் பேணி மூடியது மாதிரி. அதில் கொழும்புக்கு ஹையர் போக எனக்கு மனம் வராது. ஆனால் அவர் அதைப் புதிதாக எடுத்தார், ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றரும் அவருக்குத் தெரியும். பழுதானால் சந்தியில் இருக்கும் பெடியனே திருத்துவான், பார்ட்ஸ் அன்றைக்கே கிடைக்கும். என் மாமா இதைப் பார்த்துவிட்டு, தொண்ணூறுகளில் யுத்தகாலப் பெற்றோல் தடையில் தன் ஒஸ்ரின் ஏ40 காரை ஓட்டிய கதையைத் தொடங்குவார். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையோடு புகையாக ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிய கதை. இங்கிலாந்துக் காரின் பெருமை என்பார் அவர். அதைத் திருத்தத் தெரிந்த கைகள் ஊரில் இருந்ததை அவர் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆகவே, முதலாளிமாரே, நான் கேட்பது பெரிய விஷயமில்லை. ஜப்பானில் ஓடிவிட்டு வந்த ஒவ்வொரு ரீகண்டிஷன் காருக்கும் ஒக்ஷன் ஷீட்டின் மூலப் பிரதியை, போட்டோக் கொப்பியை அல்ல, முன்சீட்டிலேயே வையுங்கள். சேசிஸ் இலக்கத்தை மறைக்காமல் விளம்பரத்திலேயே போடுங்கள், நாங்களே தேடிப் பார்த்துக்கொள்கிறோம். ஹைபிரிட் என்றால் பற்றரியைச் சோதித்த அறிக்கை ஒன்று. பற்றுச்சீட்டில் கிலோமீற்றரை எழுதிக் கையெழுத்து வையுங்கள். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் 2017இல் அந்தத் தம்பியிடம் கேட்டேன், "அதெல்லாம் வழக்கமில்லை அண்ணை" என்று சோடா உடைத்துத் தந்தார். உள்ளூரில் பூட்டிய கார் என்றால் சிரிக்காமல், இங்கே பூட்டியது எது, பெட்டியில் வந்தது எது, பார்ட்ஸ் எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும் என்று சொல்லுங்கள். பதில் சரியாக இருந்தால் அதையும் எடுப்போம்.

அடுத்த மாதம் மச்சானும் நானும் வருவோம். சோடா வேண்டாம். நான் டோர்ச் கொண்டுவருவேன், பொனற்றைத் தூக்கி அந்த மூலையைத்தான் முதலில் பார்ப்பேன். ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துப் பசை மட்டும் மிஞ்சியிருந்தால், விலையே கேட்காமல் திரும்பிவிடுவோம்.

இப்படிக்கு,
கோண்டாவிலில் இருந்து ஒரு ஹையர்காரன்